டெக்னோ டிஜேயாகவும் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகவும் தொழில் அமைத்துக்கொள்வது எப்படி?

டெக்னோ என்னும் மின்னணு நடன இசையில் பெயர் பெற்றவர்களுள் பெரும்பாலோர் டிஜேயாகவும் (இசைத்தட்டுகளைக் கலந்து இசைப்பவர்) தயாரிப்பாளராகவும் (இசையை உருவாக்குபவர்) ஒருசேர இயங்கியவர்கள். இசைத்தட்டு விற்பனையிலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். ஆனால் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கிளப் உங்கள் பெயரை அறிந்து அழைப்பதற்கு அந்த இசைத்தட்டே பெரும்பாலும் காரணமாகிறது. அங்கே இசைத்துப் பெறும் ஊதியம், அடுத்த இசைத்தட்டை உருவாக்க வேண்டிய மாதங்களைத் தாங்குகிறது. இந்தச் சுழற்சி நின்றுவிடாமல் ஓட வேண்டுமானால், உருவாக்கிய இசையின் உரிமை கூடியவரை உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். கருவி வாங்குவதைப் பற்றி ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. உரிமையைப் பற்றித்தான் புதியவர்கள் கடைசியாகச் சிந்திக்கிறார்கள்.

இக்கையேடு ஜெஃப் மில்ஸின் தொழில் வாழ்க்கையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. 1963இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த அவர், 1980களில் ‘தி விஸார்ட்’ என்ற பெயரில் உள்ளூர் வானொலியில் இசைத்தட்டுகளை மிக விரைவாக மாற்றிக் கலந்து புகழ் பெற்றார். பின்னர் மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற குழுவையும் லேபிளையும் (இசை வெளியீட்டு நிறுவனம்) உருவாக்கினார். அதிலிருந்து விலகி 1992இல் ஆக்ஸிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். அதே ஆண்டில் பெர்லினின் ட்ரெஸர் லேபிள் அவருடைய ‘வேவ்ஃபார்ம் டிரான்ஸ்மிஷன்’ ஆல்பத்தின் முதல் தொகுதியை வெளியிட்டது. முதலில் கைத்திறன், பிறகு உடன் உழைக்கும் குழு, பிறகு சொந்த லேபிள், அதன்பின் வெளிநாட்டு மேடை என்று இந்த வரிசை அமைந்திருக்கிறது. வானொலியின் இடத்தை இன்று இணைய ஒளிபரப்புகள் பிடித்திருக்கலாம்; வரிசை பெரிதாக மாறிவிடவில்லை.

கேட்பதில் தொடங்குங்கள்

டெட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள பெல்வில் என்ற ஊரின் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரிடமிருந்துதான் டெக்னோவின் வரலாற்றைப் பலரும் தொடங்குகிறார்கள். அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற லேபிளைத் தொடங்கி, ‘மாடல் 500’ என்ற பெயரில் தம் இசையை வெளியிட்டார். மே டிரான்ஸ்மாட் லேபிளையும், சாண்டர்சன் கேஎம்எஸ் லேபிளையும் நடத்தினார்கள். மூவருமே தங்கள் இசையைத் தாங்களே வெளியிட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

கேட்பது என்றால் பின்னணியில் ஓடவிடுவது என்று பொருளாகாது. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, எந்த நொடியில் கிக் (தாளத்தின் கனத்த டிரம் அடி) நுழைகிறது, எப்போது ஹை-ஹாட் (உலோகத் தகடுகளின் கூர்மையான ஒலி) சேர்கிறது, எங்கே பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) விலகுகிறது என்று காகிதத்தில் குறியுங்கள். 1987இல் வெளிவந்த, டெரிக் மேயின் ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’ பாடலை இப்படிக் குறித்துப் பார்ப்பவர், அதில் பேஸ் வரிசையே இல்லை என்பதைக் கண்டு வியப்பார். நடனத் தளத்துக்கான இசையில் எது இன்றியமையாதது என்பதைப் பற்றிய பல நம்பிக்கைகள் அந்த இடத்தில் தளர்ந்துவிடும்.

இசையை விலை கொடுத்து வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள். பெர்லினில் 1989இல் தொடங்கப்பட்ட ஹார்ட் வாக்ஸ் போன்ற கடைகள் ஒவ்வொரு தட்டையும் கேட்டுத் தேர்ந்தெடுத்து அடுக்குவதால், அங்கே கிடைப்பவற்றைக் கவனிப்பதே ஒரு பாடம். பேண்ட்கேம்ப், பீட்போர்ட் போன்ற தளங்களில் வாங்குபவர்களும் வாரத்துக்கு நான்கைந்து பாடல்கள் என்று வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. முழுவதும் மனப்பாடமான 100 பாடல்கள், பெயர்கூட நினைவில்லாத 5000 பாடல்களைவிட மேடையில் பெரிதும் உதவும். அவற்றை வகைப் பெயர்களின்படி அடுக்காமல், ‘தொடக்கத்துக்கு உகந்தது’, ‘பேஸ் இல்லாதது’, ‘தாளம் மட்டும்’ என்று பயன்பாட்டின்படி அடுக்குங்கள்.

கலக்கும் கைப்பழக்கம்

இரண்டு பாடல்களின் தாளத்தைக் காதால் பொருத்துவதே அடிப்படைத் திறன். கிளப்களில் நெடுங்காலம் நிலைத்திருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவி), வேகத்தை 8 விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ பிட்ச் ஸ்லைடர் உண்டு. 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 அடிகள்) வேகமுள்ள தட்டை அதில் ஏறத்தாழ 120 முதல் 140 வரை நகர்த்தலாம். ஹெட்ஃபோனில் ஒரு காதிலும் ஒலிபெருக்கியில் மறு காதிலும் கேட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனில் கேட்கும் தட்டு முந்துகிறதா பிந்துகிறதா என்று கண்டு ஸ்லைடரை நகர்த்துவதுதான் பயிற்சி. டிஜிட்டல் கோப்புகளை இசைக்கும் இன்றைய சிடிஜே கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளங்கள் தாமாகப் பொருந்திவிடும் என்பது உண்மை. அதைப் பயன்படுத்துவது குற்றமில்லை. ஆனால் கருவி தாளத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டால், கூட்டத்தின் முன்னிலையில் உங்களைக் காப்பாற்ற உங்கள் காது மட்டுமே இருக்கும்.

அடுத்தது கட்டமைப்பு. டெக்னோவில் 4 அடிகள் கொண்டது ஒரு பார். மாற்றங்கள் பெரும்பாலும் 8, 16, 32 பார்களின் முடிவில் நிகழும். 130 பிபிஎம் வேகத்தில் 16 பார்கள் ஓட ஏறத்தாழ 30 நொடிகள் ஆகும். புதிய பாடலை அந்த எல்லையில் நுழைத்தால் இரண்டின் மாற்றங்களும் ஒன்றோடொன்று ஒத்து நடக்கும். இடையில் நுழைத்தால், தாளம் பொருந்தியிருந்தும் ஏதோ இடறுவது போலக் கேட்கும். இரண்டு பாடல்களின் பேஸையும் ஒரே நேரத்தில் முழு அளவில் ஓடவிடாதீர்கள். வரும் பாடலின் பேஸைக் குறைத்து வைத்து நுழைத்து, எல்லை வந்ததும் ஒன்றைக் குறைத்து மற்றொன்றை ஏற்றுங்கள்.

மில்ஸ் மூன்று டர்ன்டேபிள்களையும், சில நிகழ்ச்சிகளில் ரோலண்ட் டிஆர்-909 தாளக் கருவியையும் சேர்த்துக் கையாண்டார். ஒவ்வொரு தட்டையும் முழுவதும் ஓடவிடாமல், அதிலிருந்து தமக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்து அடுத்ததற்குத் தாவுவது அவர் வழக்கம். 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் பதிவு செய்யப்பட்ட அவருடைய செட் (மேடையில் ஒரே தொடர்ச்சியாக இசைத்தது) இந்த முறைக்குத் தலைசிறந்த சான்றாக இன்றும் கருதப்படுகிறது. அதில் சிறு பிசகுகளும் கேட்கும். வேகத்துக்கும் துணிவுக்கும் கொடுத்த விலை அது. நீங்களும் ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து, சில நாட்கள் கழித்து வேறொருவருடைய செட்டைக் கேட்பது போலக் கேளுங்கள்.

முதல் மேடை

உங்கள் ஊர் கிளப் ஒன்றில் மாதந்தோறும் இசைக்கும் ரெசிடென்ட் டிஜேயாக இடம் பெறுவதே தொடக்கத்தில் நாட வேண்டிய இலக்கு. ஒரே அறையில், ஒரே ஒலி அமைப்பில், வெவ்வேறு கூட்டங்களுக்கு வெவ்வேறு நேரங்களில் இசைப்பவருக்குக் கிடைக்கும் அறிவு, திருவிழாவில் ஒரு மணி நேரம் இசைப்பவருக்குக் கிடைக்காது. பெரும்பாலும் முதல் செட்டே உங்களுக்குத் தரப்படும். ஆட்கள் உள்ளே வந்து, மேலுடையை வைத்து, நண்பர்களைத் தேடும் நேரம் அது. அப்போது வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்து வைத்து, முதன்மை விருந்தினர் தொடங்குவதற்குத் தகுந்த நிலையில் அறையை ஒப்படைப்பதே உங்கள் பொறுப்பு. அவருடைய சொந்தப் பாடல்களை அவருக்கு முன்பே இசைப்பது இத்துறையில் மரியாதைக் குறைவாகக் கருதப்படும்.

அழைப்பு வரவில்லையென்றால் சிறிய அறையொன்றில் நண்பர்களோடு சேர்ந்து நீங்களே நிகழ்ச்சி நடத்தலாம். பெர்லின் சுவர் வீழ்ந்தபின், 1991இல், பழைய வெர்த்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில்தான் டிமிட்ரி ஹேகமன் முதலியோர் ட்ரெஸர் கிளப்பைத் திறந்தார்கள். கைவிடப்பட்ட இடங்கள் மலிவாகக் கிடைத்த அந்தக் காலம் மீண்டும் வராது. எனினும் தாழ்ந்த கூரையும் நல்ல ஒலிபெருக்கியும் நம்பிக்கையான சிறு கூட்டமும் போதும் என்பது இன்றும் பொருந்தும். தீ விபத்தில் வெளியேறும் வழியையும் ஒலி அளவுக்கான உள்ளூர் அனுமதியையும் முதலிலேயே கவனித்துவிடுங்கள்.

மேடைக்குச் செல்லும்போது ஒரே தொகுப்பை இரண்டு யூஎஸ்பிகளில் எடுத்துச் செல்லுங்கள். பழைய கருவிகளும் படிக்கும் வகையில் அவற்றை எஃப்ஏடி32 வடிவில் அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

தயாரிப்பு: குறைந்த கருவி, நிறைய கேள்வி

ராபர்ட் ஹூட் 1994இல் ஆக்ஸிஸ் லேபிளில் வெளியிட்ட ‘மினிமல் நேஷன்’ என்ற படைப்பு, மிகச் சில ஒலிகளைக் கொண்டே ஒரு தனி வகைக்கு வழிவகுத்தது. அதைக் கேட்ட பின்னரும் புதிய கருவி வாங்கத் தோன்றினால், இன்னொரு முறை கேளுங்கள். ஒரு கணினி, ஒரு மென்பொருள், நம்பத்தகுந்த ஹெட்ஃபோன் ஆகியவை தொடங்கப் போதும். டெக்னோ தயாரிப்பாளர்களிடையே பரவலாக உள்ள ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் 2001இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் ஹென்கே, மோனோலேக் என்ற பெயரில் பெர்லினில் டெக்னோ இசைத்தவர்.

தாளத்திலிருந்து தொடங்குங்கள். 1983 முதல் 1985 வரை மட்டுமே தயாரிக்கப்பட்ட டிஆர்-909 கருவியின் 16 ஸ்டெப் அமைப்பே (ஒரு பாரை 16 சம பகுதிகளாகப் பிரிப்பது) இன்றைய மென்பொருள்களிலும் மாதிரியாக இருக்கிறது. 1, 5, 9, 13 ஆகிய ஸ்டெப்களில் கிக். 3, 7, 11, 15இல் திறந்த ஹை-ஹாட். 5, 13இல் கைதட்டல் ஒலி. இது எல்லாருக்கும் தெரிந்த சட்டகம். இதற்கு மேல் சேர்ப்பதில்தான் உங்கள் கையெழுத்து இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 3 ஸ்டெப் நீளமுள்ள ஒரு சிந்தசைசர் (மின்னணு ஒலியாக்கி) வரிசையை இந்த 16 ஸ்டெப் தாளத்தின் மேல் ஓடவிட்டால், இரண்டும் 48 ஸ்டெப்களுக்கு, அதாவது 3 பார்களுக்கு ஒருமுறைதான் ஒரே தொடக்கத்தில் வந்து சேரும். 5 ஸ்டெப் வரிசை 5 பார்கள் கழித்துச் சேரும். தாளக் கணக்குப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காமல் இருப்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

கிக்குக்கும் பேஸுக்கும் இடையே போட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிக் ஒலிக்கும் கணத்தில் பேஸின் அளவு தானாகத் தணியும்படி சைட்செயின் அமைப்பது இன்றைய வழக்கம். கிக்கின் நகலொன்றுக்கு நீண்ட எதிரொலியைச் சேர்த்து, அதன் மேல் அலைவெண்களை வடிகட்டிவிட்டால், அடியில் உருளும் முழக்கம் ஒன்று கிடைக்கும். தனியாக பேஸ் வரிசை எழுதாமலேயே பல பாடல்கள் இதைக் கொண்டு நிற்கின்றன.

லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு பகுதி) ஒன்று நன்றாக அமைந்துவிட்டது, பாடலாக மாறவில்லை என்பதே புதியவர்கள் எல்லாரும் சொல்லும் குறை. சுட்டியால் திரையில் துண்டுதுண்டாக அடுக்குவதை விட்டுவிட்டு, மிக்சரின் கட்டுப்பாடுகளில் கைவைத்து, அந்த லூப்பை 10 நிமிடங்கள் நேரலையாக இசைத்துப் பதிவு செய்யுங்கள். எந்த ஒலியை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். பின்னர் அதிலிருந்து நல்ல 6 நிமிடங்களை வெட்டி எடுங்கள். இப்படிப் பிறந்த பாடலில் ஒரு மனிதரின் தயக்கமும் முடிவும் கேட்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 16 அல்லது 32 பார்களுக்குத் தாளத்தை மட்டும் விட்டுவைத்தால், பிற டிஜேக்கள் அதைக் கலப்பதற்கு எளிதாக இருக்கும்.

மில்ஸ் இந்தப் பயன்பாட்டு நோக்கத்தை இறுதிவரை கொண்டுசென்றவர். டிஜேக்களின் கைக்கருவிகளாகவே இசைத்தட்டுகளை வெளியிடுவதற்கென்று பர்ப்பஸ் மேக்கர் என்ற துணை லேபிளைத் தொடங்கினார். அவருடைய மிகப் புகழ்பெற்ற ‘தி பெல்ஸ்’ அதில் வந்ததுதான். டெட்ராய்ட்டில் தட்டு வெட்டும் பொறியாளராக இருந்த ரான் மர்ஃபியோடு சேர்ந்து, ஊசி ஒரே வட்டத்தில் முடிவின்றிச் சுழலும் பூட்டிய தடங்களையும் அவர் தட்டில் அமைத்தார். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகும். அதற்குள் 4 அடிகள் அடங்கினால் வேகம் 133⅓ பிபிஎம் என்று வந்துவிடுகிறது. இயந்திரத்தின் கணக்கே தாளத்தைத் தீர்மானிக்கும் இத்தகைய இடங்களை அறிந்துவைப்பது தயாரிப்பாளருக்கு அழகு.

வெளியீடும் உரிமையும்

முடித்த பாடலை, வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங் பொறியாளரிடம் 24 பிட் வேவ் கோப்பாக, ஒலியின் உச்சத்துக்கு மேல் சில டெசிபெல் இடைவெளி விட்டு, ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் போடாமல் அனுப்புங்கள். வினைல் தட்டாக வெளிவருவதாக இருந்தால் தாழ் அலைவெண்கள் இரு பக்கமும் பிரியாமல் நடுவில் இருக்க வேண்டும், கூர்மையான ஹை-ஹாட் ஒலிகள் அடங்கியிருக்க வேண்டும். 12 அங்குலத் தட்டை 45 சுழற்சியில் ஓங்கி ஒலிக்கும்படி வெட்ட, ஒரு பக்கத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் வைக்காதிருப்பது நல்லது. உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஒலியின் தெளிவு குறையும் என்பதால், முக்கியமான பாடலை முதலில் வையுங்கள்.

லேபிளுக்கு அனுப்பும்போது மூன்று பாடல்களுக்கு மேல் வேண்டாம். அந்த லேபிளின் அண்மை வெளியீடுகளைக் கேட்டு, உங்கள் இசை அங்கே ஏன் பொருந்தும் என்று இரண்டு வரியில் எழுதி, தனிப்பட்ட இணைப்பொன்றை அனுப்புங்கள். முப்பது லேபிள்களை ஒரே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பியவருக்குப் பதில் வராததில் வியப்பில்லை.

ஒப்பந்தம் வந்தால் நிதானமாகப் படியுங்கள். ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இசையமைப்பின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. லேபிள் கேட்பது பொதுவாக ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் உரிமை. அதை நிரந்தரமாகக் கொடுக்கிறீர்களா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமா, தட்டு அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்புமா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சிறிய லேபிள்களில் செலவு போக மீதியைச் சரிபாதியாகப் பிரிப்பது வழக்கம். எவையெல்லாம் செலவு என்று வரையறுக்காத ஒப்பந்தத்தில் அந்தப் பாதிக்குப் பொருளே இல்லாமல் போகலாம். இசையமைப்பின் உரிமைக்கு, இந்தியாவில் இருப்பவர்கள் ஐபிஆர்எஸ் சங்கத்திலும் ஜெர்மனியில் இருப்பவர்கள் கெமா சங்கத்திலும் உறுப்பினராகித் தங்கள் படைப்புகளைப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்துகளும் எண்களுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு வேண்டும்.

இவ்விரண்டு உரிமைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 1999இல் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் வெளியிட்ட, டிஜே ரோலண்டோவின் ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ பாடல் ஐரோப்பாவில் பரவியபோது, சோனி இசை நிறுவனத்தின் ஜெர்மன் கிளை அதை அப்படியே ஒத்த மறுபதிவாக வெளியிட முற்பட்டது. மூல ஒலிப்பதிவைத் தொடாமலேயே ஒரு பாடலின் பயனைப் பிறர் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அந்தச் செயல் காட்டியது. மைக் பேங்க்ஸின் குழு உலகெங்கும் இருந்த ரசிகர்களைத் திரட்டி எதிர்த்து நின்றது. குழுவுக்கு டெட்ராய்ட்டிலேயே சப்மெர்ஜ் என்ற விநியோக நிறுவனம் இருந்தது. கடைகளோடும் கேட்பவர்களோடும் நேரடித் தொடர்பு வைத்திருந்தவர்களுக்கே அப்படி எதிர்த்து நிற்க முடிந்தது.

சொந்த லேபிள் தொடங்குவதாயின், முந்நூறு தட்டுகள் என்ற அளவில் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்தது. சில விநியோகஸ்தர்கள் அச்சுச் செலவைத் தாங்களே ஏற்று, விற்பனையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பணம் கையில் இல்லாதவருக்கு இது வாய்ப்பு, ஆனால் கணக்கு வருவதற்கு மாதங்கள் ஆகும். பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடும், தட்டு போன்ற பொருள்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. தொடக்க நிலையில் நேரடி விற்பனையே இலாபகரமானது என்பது என் கருத்து.

அழைப்பு, ஊதியம், உடல்

இசைத்தட்டு பேசப்படத் தொடங்கியதும் அழைப்புகள் வரும். ஏஜென்ட் ஒருவர் ஊதியத்தில் பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு பெறுவார். மாதத்துக்கு ஓரிரு அழைப்புகள் மட்டும் வரும் நிலையில் ஏஜென்ட் தேவையில்லை. ஆனால் பாதி ஊதியம் முன்பணம், பயணச் செலவு யாருடையது, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, எந்தக் கருவிகள் மேடையில் இருக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். வெளிநாட்டில் இசைப்பதற்குச் சுற்றுலா விசா பெரும்பாலும் செல்லாது. அழைப்பவரிடம் இதை முதல் கடிதத்திலேயே எழுப்புங்கள்.

காதைக் காப்பது தொழிலைக் காப்பது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் மிஞ்சுவது 15 நிமிடங்கள். டிஜே மேடைகள் அந்த அளவை எளிதில் தொடுகின்றன. ஒலியின் தன்மை கெடாமல் அளவை மட்டும் குறைக்கும் காதடைப்பான்களை அளவெடுத்துச் செய்துகொள்வது, எந்தச் சிந்தசைசரையும்விட முதலில் செய்ய வேண்டிய செலவு. செட்டில் மானிட்டர் (டிஜேயின் அருகிலுள்ள ஒலிபெருக்கி) ஒலியைத் தேவைக்குமேல் ஏற்றாதீர்கள்.

நீண்ட காலம் நிலைக்க விரும்புபவர் கிளப்புக்கு வெளியேயும் தம் இசைக்கு இடம் தேடுவார். மில்ஸ் 2000இல் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனத் திரைப்படத்துக்குப் புதிய இசையமைத்தார். 2005இல் பிரான்ஸில் மான்பெலியே நகரின் சிம்ஃபொனி இசைக்குழுவோடு தம் பாடல்களை இசைத்தார். பின்னாளில் நைஜீரிய டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனோடு கூட்டாகப் பணியாற்றி 2018இல் இசை வெளியிட்டார். இத்தகைய வாய்ப்பு வரும்போது பழைய பாடலின் ஒவ்வொரு ஒலித் தடமும் தனித்தனியாக உங்களிடம் இருக்க வேண்டும். எனவே ஒரு பாடலை முடித்த அன்றே, கிக், ஹை-ஹாட், பேஸ், சிந்தசைசர் ஆகியவற்றைத் தனித்தனி வேவ் கோப்புகளாகச் சேமித்து, வேகம், தேதி, ஐஎஸ்ஆர்சி குறியீடு, கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றோடு ஒரே கோப்புறையில் வைத்து, அதன் பிரதியை வேறொரு வீட்டில் இருக்கும் வன்தட்டில் போட்டுவிடுங்கள். மென்பொருளின் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதில் பயன்படுத்திய பிளக்-இன் (துணை மென்பொருள்) திறக்காமல் போகலாம்.